விலக்கும் அதன் நியாயங்களும்: ஐக்கிய அமெரிக்க ஆயுதப் படைகளில் தற்பாலீர்ப்பினர், 1778 – 2025

ஒரு நிறுவனம் தன் விதியொன்றுக்குக் கூறும் காரணமும் அவ்விதி நடைமுறையில் இயங்கும் முறையும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. காரணம் காலத்துக்கேற்ப மாறுகின்றது. விதியோ மாறாது நிற்கின்றது. இவ்வாறான இடங்களில் வரலாற்று மாணவர் கூறப்பட்ட காரணத்தை மாத்திரம் பதிவுசெய்து அமைந்துவிட முடியாது. அக்காரணம் எச்சூழலிற் பிறந்தது, எப்போது வலுவிழந்தது, அதன் இடத்தை எது நிரப்பியது என்பனவும் ஆராயப்பட வேண்டியவையாகும். ஐக்கிய அமெரிக்காவின் ஆயுதப் படைகள் தற்பாலீர்ப்பினரைத் தம்மிலிருந்து விலக்கிவந்த வரலாறு இவ்வகை ஆய்வுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு எனலாம். குற்றம், நோய், இரகசியப் பாதுகாப்புக்கு ஆபத்து, படைப்பிரிவின் ஒற்றுமைக் குலைவு என நான்கு நியாயங்கள் இவ்விலக்குக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கூறப்பட்டன. ஒன்று தளர்ந்தபோது மற்றொன்று முன்வந்தது. இந்நான்கும் எவ்வாறு தோன்றின என்பதையும், போர்க்காலங்களில் இராணுவமே அவற்றை எவ்வாறு நடத்தியது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தம் பாலினத்தவர்பால் ஈர்ப்புடைய ஆண்களும் பெண்களும் இங்கு தற்பாலீர்ப்பினர் எனவும், பிறப்பிற் குறிக்கப்பட்ட பாலினின்றும் வேறான பாலினராகத் தம்மை உணர்வோர் திருநர் எனவும் குறிக்கப்படுவர்.

முதலாவது நியாயம் குற்றம் என்பதாகும். அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது, 1778ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வலி ஃபோர்ஜ் பாசறையில் லெப்டினன்ட் கொத்ஹோல்ட் ஃபிரெடெரிக் என்ஸ்லின் என்பவர் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். படைவீரர் ஒருவருடன் தற்பாற்சேர்க்கைக்கு முயன்றார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. தீர்ப்பை ஜோர்ஜ் வாஷிங்டன் உறுதிப்படுத்த, பாசறையின் மேளகாரர் மேளமொலிக்க, என்ஸ்லின் அனைவர் முன்னிலையிலும் வெளியேற்றப்பட்டார். எனினும் அக்காலத்தில் 'தற்பாலீர்ப்பினர்' என்றொரு மனிதவகை இராணுவச் சட்டத்திற் காணப்படவில்லை என்பது நோக்கற்பாலது. தண்டிக்கப்பட்டது ஒரு செயல். அதைச் செய்தவர் எத்தகைய மனிதர் என்ற வினா எழுப்பப்படவில்லை. 1916இல் திருத்தப்பட்டு 1917இல் நடைமுறைக்கு வந்த போர்ச் சட்ட விதிகள் இச்செயலைப் புரியும் நோக்கத்துடனான தாக்குதலைக் குற்றமாக்கின. 1920ஆம் ஆண்டுத் திருத்தம் அச்செயலையே தனிக் குற்றமாக்கியது.

செயலைத் தண்டிக்கும் சட்டம் ஆட்களைத் தேடும் வேட்டையாக மாறியமைக்கு 1919ஆம் ஆண்டு நியூபோர்ட் கடற்படைப் பயிற்சி நிலையத்தில் நிகழ்ந்தவை சான்றாகும். ஐயத்துக்குரியோரைக் கண்டறிவதற்கென இளம் கடற்படையினர் சிலர் பொறியாக அனுப்பப்பட்டனர். சான்று திரட்டும் பொருட்டு அவர்களே அக்குற்றத்தில் ஈடுபட அனுமதிக்கப்பட்டனர். செய்தி வெளியானதும் நாட்டில் எழுந்த கண்டனம் குற்றஞ்சாட்டப்பட்டோரைவிட விசாரணை செய்தோர்மீதே அதிகம் பாய்ந்தது. 1921இல் செனட் சபையின் உபகுழுவொன்று, அன்று கடற்படையின் உதவிச் செயலாளராயிருந்த ஃபிராங்ளின் றூஸ்வெல்ட்டையும் இம்முறைகேட்டுக்குப் பொறுப்பாளராகக் கண்டித்தது. பின்னாளில் சனாதிபதியாகி உலகப் போரை நடத்திய அதே றூஸ்வெல்ட்டே இவர்.

இரண்டாம் உலகப் போர் இரண்டாவது நியாயத்தைக் கொணர்ந்தது. 1940இல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் நிறைவேறியதும் இலட்சக்கணக்கான இளைஞரைக் குறுகிய காலத்திற் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. முதல் உலகப் போரில் உளப்பாதிப்புக்கு உள்ளானோரைப் பராமரிக்க அரசு செலவிட்ட பெருந்தொகை உளமருத்துவரின் செல்வாக்கை உயர்த்தியிருந்தது. ஹரி ஸ்டாக் சலிவன் முதலானோர் உளநலப் பரிசோதனைத் திட்டமொன்றை வகுத்தனர். அவர்களது ஆரம்பத் திட்டத்தில் தற்பாலீர்ப்புப் பற்றிய குறிப்பு இருக்கவில்லை. தரைப்படை, கடற்படை ஆகியவற்றின் மருத்துவப் பிரிவுகளே 1941இல் அதனைத் தகுதியின்மைகளின் பட்டியலிற் சேர்த்தன. வரிசையில் நின்ற இளைஞரிடம் பெண்களைப் பிடிக்குமா என வினவி, சில நிமிடங்களில் முடிவுசெய்வதே பரிசோதனையாயிற்று. ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது இலட்சம் ஆண்கள் பரிசோதிக்கப்பட்டனர். தற்பாலீர்ப்பின் பேரில் விலக்கப்பட்டோர் நாலாயிரம் முதல் ஐயாயிரம் வரையினரே. எனவே பெரும்பான்மையான தற்பாலீர்ப்பினர் படையிற் சேர்ந்து பணியாற்றினர் என்பது வெளிப்படை.

மருத்துவ நோக்கினைச் சீர்திருத்தம் எனக் கருதியோரும் அன்று இருந்தனர். குற்றவாளியெனச் சிறையிலிடுவதைக் காட்டிலும் நோயாளியெனக் கொண்டு படையினின்றும் விடுவித்தல் மனிதாபிமானமுடையது என்பது அவர்கள் வாதம். ஆனால் நோயாளிக்குரிய பரிவு எதனையும் விடுவிக்கப்பட்டோர் பெற்றிலர். அவர்களுக்கு வழங்கப்பட்ட பத்திரம் நீலத் தாளில் அச்சிடப்பட்டிருந்தமையால் அது 'நீல விடுவிப்பு' என வழங்கப்பட்டது. அது கௌரவமான விடுவிப்புமன்று, கௌரவமற்ற விடுவிப்புமன்று. ஏறத்தாழ ஒன்பதாயிரம் தற்பாலீர்ப்பினர் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர். 1944இல் நிறைவேறிய முன்னாள் படையினர் சட்டம் உயர்கல்விக்கும் வீட்டுக் கடனுக்கும் வழிசெய்து, ஒரு தலைமுறை முழுவதையும் நடுத்தர வாழ்வுக்கு உயர்த்தியது. கௌரவமற்ற விடுவிப்புப் பெற்றோரை மாத்திரமே அச்சட்டம் விலக்கியிருந்தது. எனினும் முன்னாள் படையினர் நிருவாகம் 1945இல் தனது சொந்த அறிவுறுத்தல் மூலம் தற்பாலீர்ப்பின் பேரில் நீலப் பத்திரம் பெற்றோருக்கும் அவ்வுரிமைகளை மறுத்தது. வேலைக்கு விண்ணப்பிக்குமிடமெல்லாம் அப்பத்திரத்தைக் காட்டவேண்டியிருந்தது. போர்முனையிலிருந்து மீண்ட ஒருவர் தம் ஊரில் தம் குடும்பத்தார் முன் எக்காரணத்தைக் கூறுவது என அறியாது நின்ற நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் இழந்தது ஓர் உத்தியோகம் மாத்திரமன்று.

நீலப் பத்திரத்தின் வரலாற்றில் மற்றுமோர் உண்மையும் பொதிந்துள்ளது. படையில் ஏறத்தாழ 6.5 வீதத்தினராயிருந்த கறுப்பினத்தவர் நீலப் பத்திரம் பெற்றோரில் 22 வீதத்துக்கு மேற்பட்டவராயிருந்தனர். நீதிமன்ற விசாரணையின்றி ஓர் அதிகாரியின் விருப்பத்தின் பேரில் வழங்கக்கூடிய ஆயுதம் ஒன்று கிடைக்குமாயின், அது ஒரு பிரிவினர்மீது மாத்திரம் பாய்வதில்லை என்பதற்கு இது சான்று. 'பிற்ஸ்பர்க் கூரியர்' என்னும் கறுப்பினத்தவர் பத்திரிகையே இம்முறைக்கெதிரான இயக்கத்தை 1945இல் முன்னெடுத்தது. அப்பத்திரிகை தற்பாலீர்ப்பினருக்கு நேர்ந்த அநீதியையும் வெளிப்படையாகக் கண்டித்தமை குறிப்பிடத்தக்கது. 1946இல் காங்கிரஸ் சபையின் குழுவொன்றும் இம்முறையைக் குறைகூற, 1947இல் நீல விடுவிப்பு நீக்கப்பட்டது. ஆயினும் அதன் இடத்தில் வந்த புதிய வகைகளிலும் தற்பாலீர்ப்பினர் 'விரும்பத்தகாதோர்' பட்டியலிலேயே வைக்கப்பட்டனர்.

பனிப்போர் மூன்றாவது நியாயத்தை அளித்தது. 1950இல் இயற்றப்பட்டு 1951இல் நடைமுறைக்கு வந்த ஒருமித்த இராணுவ நீதிச் சட்டக்கோவையின் 125ஆவது பிரிவு பழைய குற்றத்தைத் தொடர்ந்து பேணியது. 1953 ஏப்பிரலில் சனாதிபதி ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் இலக்கக் கட்டளை, பாலியல் 'பிறழ்வை' அரசாங்க சேவையினின்றும் நீக்குதற்குரிய பாதுகாப்புக் காரணங்களுள் ஒன்றாக்கியது. தற்பாலீர்ப்பினரைப் பகைநாட்டு ஒற்றர் மிரட்டிப் பணியவைக்கக்கூடும் என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். மிரட்டலுக்கு இடமளித்தது அரசு விதித்த தண்டனையே என்பதும், அத்தண்டனை நீங்கின் மிரட்டலும் நீங்கும் என்பதும் எவராலும் விளங்கிக்கொள்ளக் கூடியவையே. ஆயினும் அன்றைய அதிகாரபீடம் அவற்றைச் செவிமடுக்கவில்லை.

இந்நியாயத்தைக் கடற்படையே ஆராய்ந்தது. கப்டன் கிறிற்றென்டன் தலைமையிலான குழு 1957இல் சமர்ப்பித்த அறிக்கை, தற்பாலீர்ப்பினர் ஏனையோரிலும் பார்க்கப் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்னும் கருத்துக்குத் தக்க ஆதாரம் இல்லை என்றது. விதியைத் தளர்த்துமாறு அக்குழு விதந்துரைக்கவில்லை. சமுதாயத்துக்கு முன்னே இராணுவம் செல்லலாகாது என்பது அதன் கருத்து. அவ்வளவில் அடங்கியிருந்தும் அறிக்கை மறைத்துவைக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின்னர் நீதிமன்ற நடவடிக்கையின் விளைவாகவே வெளிவந்தது. 1988இல் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமொன்று இதையொத்த முடிவுக்கு வந்தபோதும் திணைக்களம் அதனை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டில் காங்கிரஸ் உறுப்பினர் ஜெரி ஸ்டட்ஸ் மூலமே அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஆதாரம் வேண்டிக் குழு அமைப்பதும், கிடைத்த ஆதாரம் விதிக்கு மாறாயின் அதனைப் பூட்டிவைப்பதும் ஒருமுறை மாத்திரம் நிகழ்ந்த தவறு எனக் கொள்ளல் கடினம்.

இந்நியாயங்களை இராணுவம் எவ்வளவு தூரம் நம்பியது என்பதை அறிய அதன் சொற்களைவிட அதன் எண்கள் உதவுகின்றன. கொரியப் போர் தொடங்கிய 1950ஆம் ஆண்டில் கடற்படையிலிருந்து தற்பாலீர்ப்பின் பேரில் விலக்கப்பட்டோர் 483 பேர். போர்நிறுத்தம் ஏற்பட்ட 1953இல் அத்தொகை 1,353 ஆக உயர்ந்தது. பாதுகாப்புக்கு உண்மையில் ஆபத்தானவராயின், அவர்களை அமைதிக்காலத்தைவிடப் போர்க்காலத்திலேயே விரைந்து நீக்கியிருத்தல் வேண்டும். ஆள் தேவைப்பட்டபோது தக்கவராயிருந்தோர், தேவை நீங்கியபோது தகாதவராயினர்.

தனிமனிதர் ஒருவரது வாழ்வில் இம்முரண்பாடு எவ்வாறு வெளிப்பட்டது என்பதைப் பெரி வொற்கின்ஸ் வழக்குக் காட்டும். கறுப்பினத்தவரான இவர் வியட்நாம் போர்க் காலத்திற் கட்டாயச் சேர்ப்புக்கு அழைக்கப்பட்டபோது, தாம் தற்பாலீர்ப்பினர் என்பதை மருத்துவப் படிவத்தில் மறைக்காது குறித்தார். அவ்வாறிருந்தும் அவர் படையிற் சேர்க்கப்பட்டார். பின்னர் அக்காரணத்தின் பேரில் விடுவிப்பு நாடியபோது, போதிய ஆதாரமில்லை என அது மறுக்கப்பட்டது. மேலதிகாரிகள் யாவும் அறிந்திருந்த நிலையில் அவரது சேவை மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டது. போர் முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னர், 1980களிலேயே அதே காரணத்தைக் காட்டி இராணுவம் அவரை வெளியேற்ற முற்பட்டது. 1989இல் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கணக்காகத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட ஒன்றைப் பின்னர் குற்றமாகக் காட்டுவது நியாயமன்று என்பதே தீர்ப்பின் அடிப்படை. 1990இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பில் தலையிட மறுத்தது.

வொற்கின்ஸ் ஒளித்து வாழாதவர். லெனாட் மற்லோவிச் ஒளித்து வாழ்ந்து பின்னர் தாமாகவே வெளிப்பட்டவர். வியட்நாமில் வெண்கல நட்சத்திரமும் காயமுற்றோர்க்குரிய பதக்கமும் பெற்ற இவ்விமானப்படைச் சார்ஜன்ட், விதியை நீதிமன்றிற் சோதிக்கும் நோக்குடன் 1975 மார்ச்சில் தம் மேலதிகாரியிடம் கடிதமொன்றைக் கையளித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் 'டைம்' சஞ்சிகையின் அட்டையில் அவர் படம் வெளியானது. ஒக்டோபரில் அவர் படையினின்றும் விலக்கப்பட்டார். 1988இல் மறைந்த அவரது கல்லறை வாஷிங்டன் நகரில் உள்ளது. அதில் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை. இருவரைக் கொன்றமைக்குப் பதக்கமும் ஒருவரை நேசித்தமைக்கு விலக்கமும் பெற்றதை அக்கல் கூறுகின்றது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் தற்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. நோய் என்னும் நியாயம் அத்துடன் தளர்ந்தது. பாதுகாப்பு என்னும் நியாயமும் ஆதாரமின்றி நின்றது. ஆயினும் 1981 ஜனவரியில் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்ட பணிப்புரை, தற்பாலீர்ப்பு இராணுவ சேவைக்கு ஒவ்வாதது என முன்னிலும் இறுக்கமாகக் கூறியது. அதிகாரிகளுக்கு முன்பிருந்த விருப்புரிமையும் அகற்றப்பட்டது. 1980 முதல் 1990 வரை ஏறத்தாழ 17,000 பேர் விலக்கப்பட்டனர். படையில் தாம் பெற்றிருந்த விகிதத்திலும் மிகுந்த அளவிற் பெண்கள் இவ்வாறு விலக்கப்பட்டமை கவனத்துக்குரியது. ஆண் அதிகாரியின் விருப்பத்துக்கு இணங்க மறுத்த பெண்ணை மிரட்டவும் இவ்விதி பயன்பட்டது என்ற முறைப்பாடு பலமுறை எழுந்தது.

இக்கட்டத்தில் நான்காவது நியாயமாகிய ஒற்றுமைக் குலைவு முன்னிடம் பெற்றது. தற்பாலீர்ப்பினர் நல்ல வீரராயிருக்கலாம். ஆனால் ஏனைய வீரர் அவர்களை ஏற்கமாட்டார் என்பதே இதன் சாரம். விலக்கப்படுவோரின் குறையிலிருந்து விலக்குவோரின் வெறுப்புக்கு நியாயம் இடம்மாறியமை இங்கு நோக்கத்தக்கது. இவ்வாதம் புதியதன்று. 1948இல் சனாதிபதி ட்றூமன் படைகளில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் கட்டளையைப் பிறப்பித்தபோது அதனை எதிர்த்தோரும் இதையொத்த வாதத்தையே முன்வைத்தனர். இவ்வொப்புமையைக் கூட்டுப்படைத் தலைவராயிருந்த கறுப்பின ஜெனரல் கொலின் பவெல் 1992இல் மறுத்தார்; நிறமும் பாலியல் இயல்பும் ஒன்றல்ல என்றார். அவரே 2010இல் தம் கருத்தை மாற்றி, விலக்கு நீக்கப்படுவதை ஆதரித்தார்.

விலக்கை ஒழிப்பதாக வாக்களித்துப் பதவிக்கு வந்த சனாதிபதி கிளின்டன், இராணுவத் தலைமையினதும் காங்கிரஸ் சபையினதும் எதிர்ப்பின் முன் சமரசம் செய்துகொண்டார். 1993 நவம்பரில் சட்டமாகிய இச்சமரசம் 'கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்' எனப் பெயர்பெற்றது. படையிற் சேர்வோரிடம் பாலியல் இயல்பு குறித்து வினவலாகாது. ஆனால் அவர் அதனை வெளிப்படுத்தின் விலக்கப்படுவார். குற்றத்தையோ நோயையோ பற்றிப் பேசாத இவ்விதி தண்டித்தது உண்மை பேசுவதையே. நேர்மையைத் தன் முதற் பண்பாகப் போற்றும் நிறுவனம், தன் உறுப்பினர் ஒரு பகுதியினரின் பொய்யை நிபந்தனையாக்கியது. தோழரொருவர் வார இறுதியை எங்கே கழித்தாய் எனச் சாதாரணமாகக் கேட்கும் வினாவும் ஆபத்தாயிற்று. போர்முனைக்குச் செல்பவர் தம் துணைவருக்கு எழுதும் கடிதமும் சான்றாயிற்று. இவ்விதியின் கீழ் 13,000க்கு மேற்பட்டோர் விலக்கப்பட்டனர். 2001 செப்டெம்பர் நிகழ்வுகளின் பின் அரபு மொழி அறிந்தோர் பெரிதும் தேவைப்பட்ட வேளையில், அம்மொழி பயின்ற வீரர் பலரும் இவர்களுள் அடங்கினர். எனினும் கொரியப் போர்க்காலப் போக்கு மீண்டும் தலைகாட்டியது. 2001இல் 1,200க்கு மேற்பட்டோர் விலக்கப்பட, ஆப்கானிஸ்தான், ஈராக் போர்கள் நடைபெற்ற 2004இல் அத்தொகை 700க்கும் கீழாயிற்று.

2010 பெப்ரவரியில் கூட்டுப்படைத் தலைவர் அட்மிரல் மைக் மலன், நாட்டைக் காக்க முன்வந்த இளைஞரைத் தாம் யாரென்பது பற்றிப் பொய்யுரைக்கச் செய்யும் விதியை ஏற்க முடியவில்லை எனச் செனட் குழுவின் முன் கூறினார். அவ்வாண்டின் இறுதியில் வெளியான பாதுகாப்புத் திணைக்கள ஆய்வில், கருத்துரைத்த ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட படையினரில் ஏறத்தாழ 70 வீதத்தினர், மாற்றத்தால் தம் பிரிவுக்குத் தீங்கு நேராது அல்லது நன்மையும் தீமையும் கலந்தே வரும் எனக் கருதினர். 2010 டிசெம்பர் 22இல் ஒழிப்புச் சட்டம் ஒப்பமிடப்பட்டது. 2011 செப்டெம்பர் 20இல் விதி முடிவுற்றது. எதிர்வுகூறப்பட்ட ஒற்றுமைக் குலைவு நிகழவில்லை. 2024 ஜூனில் சனாதிபதி பைடன், பழைய 125ஆவது பிரிவின் கீழ் இணக்கமான உறவுக்காகத் தண்டிக்கப்பட்ட முன்னாள் படையினருக்கு மன்னிப்பு வழங்கினார். இழந்த ஆண்டுகளை எம்மன்னிப்பும் மீட்டுத் தருவதில்லை. எனினும் ஆவணத்திலிருந்த களங்கம் நீங்க அது வழிசெய்தது.

வரலாறு இவ்விடத்தில் முடிந்துவிடவில்லை. 2011ஆம் ஆண்டு மாற்றம் திருநரை உள்ளடக்கவில்லை. அவர்கள் மருத்துவ விதிகளின் கீழ்த் தொடர்ந்து விலக்கப்பட்டிருந்தனர். 2016 ஜூனில் பாதுகாப்புச் செயலாளர் அஷ் காற்றர் அவ்விலக்கை நீக்கினார். 2017இல் சனாதிபதி ட்றம்ப் மீண்டும் விலக்கை அறிவித்தார். வழக்குகளின் பின் அது 2019 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜனவரியில் பைடன் அதனை நீக்கினார். 2025 ஜனவரியில் ட்றம்ப் புதிய கட்டளை மூலம் விலக்கை மீட்டார். வழக்குகள் தொடர்ந்த நிலையிலும் அதனை நடைமுறைப்படுத்த உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மே 6இல் அனுமதித்தது. அவ்வேளை பால் அடையாள முரண்பாடு உடையோரென மருத்துவப் பதிவிலிருந்த படையினர் ஏறத்தாழ 4,240 பேர் எனத் திணைக்களமே கணக்கிட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குள் அவர்களது தகுதி நான்கு முறை மாற்றி எழுதப்பட்டது. அவர்களது பணியில் எவ்வித மாற்றமும் ஏற்படாதிருக்கவே இது நிகழ்ந்தது.

இப்புதிய கட்டளை கூறும் நியாயங்கள் இவ்வரலாற்றை அறிந்தோர்க்குப் புதியனவாகத் தோன்றா. மருத்துவத் தகுதியின்மை என்பது 1941இன் குரல். ஒற்றுமைக் குலைவு என்பது 1993இன் குரல். நேர்மையான வாழ்வுக்கு முரணானது என்னும் கூற்றோ, முன்னர் உண்மையைக் கூறியோரை விலக்கிய நிறுவனம் இப்போது அவர்களையே உண்மையற்றோர் என்பதாக அமைகின்றது. ஒரு நியாயம் வீழ்ந்த பின்னும் அழிவதில்லை. எடுத்தாள்வார் வரும்வரை காத்திருக்கின்றது.

இராணுவத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதையோ, தகுதியை வரையறுக்கும் உரிமை அதற்கு உண்டு என்பதையோ இக்கட்டுரை மறுக்கவில்லை. அவ்வரையறை எதனால் அளக்கப்படுகின்றது என்பதே வினா. ஆள் குறைந்தபோது தளர்ந்தும் ஆள் மிகுந்தபோது இறுகியும் வந்த ஒரு விதி, தகுதியை அளந்தது எனக் கொள்வதற்கில்லை. அது அளந்தது தேவையையே. அத்தேவையின் ஏற்றவிறக்கத்துக்கேற்ப மனிதரின் மானம் வழங்கப்பட்டும் பறிக்கப்பட்டும் வந்தது. நீலத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய அந்த ஒன்பதாயிரவரும் போரில் தம் பணியைச் செய்து முடித்தவர்களே. அவர்களைப் பற்றிய உண்மையை நாடு ஏற்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்று விலக்கப்படுவோர்க்கு எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பது, முன்னைய விலக்கின் வரலாறு எவ்வளவு நேர்மையாகப் படிக்கப்படுகின்றது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.